மடற்குழுவா, மன்றமா: பிரதி யார் கையில் இருக்கிறது?

மின்னஞ்சலில் நடக்கும் மடற்குழுவை மூடிவிட்டு இணையதள மன்றத்துக்குப் போகலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் விவாதம் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. "இந்தக் காலத்தில் யார் மின்னஞ்சலில் உட்கார்ந்து உரையாடுகிறார்கள்?" என்று ஒரு தரப்பு. "கடவுச்சொல் போட்டு உள்ளே போய் எட்டிப் பார்க்க நேரமில்லை, மடல் என் பெட்டிக்கு வரட்டும்" என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் தங்கள் பழக்கத்துக்காக வாதாடுகிறார்கள். தேடல் வசதி, படம் இணைப்பது, கைப்பேசியில் எப்படித் தெரிகிறது என்று பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலில் எப்போதும் விட்டுப்போகிற ஒரு வேறுபாடு உண்டு. மடற்குழுவில் எழுதியது ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் ஒரு பிரதியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மன்றத்தில் எழுதியது ஒரே ஒரு வழங்கியில் (சர்வரில்) இருக்கிறது, மற்றவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நல்லது கெட்டது எல்லாமே பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கிறது என்பது என் கட்சி.

உறங்கிக் கிடக்கும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதமாக யாரும் எழுதவில்லை. திடீரென்று ஒருவர் ஒரு கேள்வி கேட்கிறார். மடற்குழுவாக இருந்தால் அது எல்லோர் பெட்டியிலும் போய் விழும். மறந்தே போயிருந்த நாலு பேராவது பதில் எழுதுவார்கள். மன்றமாக இருந்தால் அந்தக் கேள்வி யாரும் வராத முகப்பில் கிடக்கும். உறங்குகிற மடற்குழுவை எழுப்பிவிடலாம், உறங்குகிற மன்றம் பெரும்பாலும் செத்த மன்றம்தான். இதையே திருப்பிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு நூறு மடல் வருகிற குழுவில், தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்க உறுப்பினர் வடிகட்டிகள் போட வேண்டியிருக்கும். அது தெரியாதவர் ஒரே வாரத்தில் விலகிவிடுவார். மன்றத்தில் வேண்டாத பிரிவை முடக்கிவிட்டு மிச்சத்தைப் படிக்கலாம். போக்குவரத்து குறைவாக இருந்தால் மடற்குழு, அதிகமாக இருந்தால் மன்றம் என்பது இதனால்தான். நாளொன்றுக்குப் பத்து மடல் தாண்டினால் யோசிக்கத் தொடங்கலாம் என்பது என் கைக்கணக்கு.

இழை எப்படிக் கோக்கப்படுகிறது

மடற்குழுவின் பலமும் பலவீனமும் ஒரு மடலின் தலைப்பகுதியிலேயே தெரியும். மின்னஞ்சல் நிரலில் "மூலத்தைக் காட்டு" என்று கொடுத்துப் பார்த்தால் மெசேஜ்-ஐடி என்று ஒரு வரி இருக்கும். அந்த மடலுக்கு மட்டுமே உரிய அடையாளம் அது. பதில் மடலில் இன்-ரிப்ளை-டு என்ற வரியில் எந்த மடலுக்குப் பதில் என்பதும், ரெஃபரென்சஸ் என்ற வரியில் அதற்கு மேலே உள்ள மூதாதை மடல்கள் எல்லாமும் வரிசையாக இருக்கும். இதை மட்டும் வைத்து ஒரு இழையை, அதாவது ஒரு முழு உரையாடலை, மரமாகக் கட்டிவிடலாம். நெட்ஸ்கேப் காலத்தில் ஜேமி ஜவின்ஸ்கி இதற்கு எழுதிய வழிமுறையை இன்றும் பல நிரல்கள் பின்பற்றுகின்றன. நடுவில் ஒரு மடல் தொலைந்துபோனாலும் அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கூட்டை வைத்துவிட்டுக் கிளைகளைச் சரியாகத் தொங்கவிடும். எந்த மைய வழங்கியையும் கேட்காமல், கையில் இருக்கும் மடல்களை வைத்தே யாரும் மொத்த உரையாடலையும் திரும்பக் கட்டலாம் என்பதுதான் இதன் அழகு.

இது உடைவது மனிதர்களால். புதுப் பொருள் எழுத விரும்பும் ஒருவர், குழுவின் முகவரியைத் தேடச் சோம்பல்பட்டு, பழைய மடல் ஒன்றில் "பதில்" அழுத்தித் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்புவார். இன்-ரிப்ளை-டு வரி பழைய மடலையே சுட்டிக்கொண்டிருக்கும். சரியான மரம் காட்டும் நிரலில் இவருடைய புதுக் கேள்வி யாருக்கோ சம்பந்தமில்லாத பழைய விவாதத்தின் ஒன்பதாவது கிளையில் ஒளிந்துகொள்ளும். ஜிமெயில் தலைப்பையும் பார்ப்பதால் அங்கே மட்டும் தனி இழையாகத் தெரியும். அனுப்பியவர் ஜிமெயில்காரராக இருந்தால், ஏன் யாரும் பதில் சொல்லவில்லை என்று அவருக்குக் கடைசிவரை புரியாது. அடுத்தது தொகுப்பு மடல். நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மடலாக வாங்குபவர் அதிலிருந்து பதில் எழுதினால், அது எந்த மடலுக்கும் பதிலாகாமல் தொகுப்புக்குப் பதிலாகிவிடும். தலைப்பில் தொகுப்பின் எண் மட்டும் நிற்கும். போதாததற்கு மொத்தத் தொகுப்பையும் மேற்கோளாக ஒட்டி அனுப்புவார்கள். மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருளில் ஒரு மடலின் அளவு வரம்பு இயல்பாக 40 கிலோபைட். அதைத் தாண்டினால் மடல், குழுவைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்குக் காத்து நிற்கும். இப்படி நிற்கும் மடல்களில் கணிசமானவை இந்த வாலை வெட்டாத பதில்கள்தான்.

அனுப்பிய மடலைத் திரும்பப் பெற முடியாது. இதைக் குறை என்று மட்டும் சொல்ல மாட்டேன். எழுதியது ஐந்நூறு பெட்டிகளுக்குப் போகும், அழிக்கவோ திருத்தவோ முடியாது என்று தெரிந்தவர் கொஞ்சம் பார்த்துத்தான் எழுதுவார். ஆனால் மட்டுறுத்துநருக்கு இது பெரிய தலைவலி. மடற்குழுவில் முன்கூட்டியே தடுக்கலாம், பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. புது உறுப்பினர் எல்லோருக்கும் மட்டுறுத்தல் கொடியை இயல்பாகப் போட்டுவைத்து, ஒன்றிரண்டு மடல் பார்த்தபின் எடுத்துவிடுவதுதான் நடைமுறையில் வேலை செய்கிற ஒரே வழி. இதைச் செய்யாத குழுவில் முதல் எரிதம் (வேண்டாத விளம்பர மடல்) எல்லோர் பெட்டிக்கும் போனபிறகுதான் தெரியவரும்.

2014 ஏப்ரலில் நடந்தது

மடற்குழுக்கள் தளர்ந்ததற்கு இளைஞர்களின் விருப்பம் மாறியதைக் காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதிக் கதை. மின்னஞ்சல் என்ற தரையே மடற்குழுக்களின் காலடியில் நகர்ந்தது. அந்தத் தேதியையும் குறிக்கலாம்: 2014 ஏப்ரலில் யாகூ தன் டிமார்க் கொள்கையை "நிராகரி" என்று மாற்றியது. அதே மாதத்தில் ஏஓஎல்லும் பின்தொடர்ந்தது.

டிமார்க் என்பது ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு. அனுப்புநர் வரியில் ஒரு களப்பெயர் (முகவரியில் @ குறிக்குப் பின் வருவது) இருந்தால், அந்தக் களம் அந்த மடலுக்குப் பொறுப்பேற்கிறது என்பதற்கு இரண்டில் ஒரு சான்றாவது வேண்டும். மடலை அனுப்பிய வழங்கி அந்தக் களம் அனுமதித்ததாக இருக்க வேண்டும், அது எஸ்பிஎஃப். அல்லது மடலின் உடலும் முக்கியத் தலைப்பகுதி வரிகளும் மாறாமல் இருக்கின்றன என்று காட்டும் மறையீட்டுக் கையொப்பம் செல்லுபடியாக வேண்டும், அது டிகிம். மடற்குழு என்ன செய்கிறது? மடலை வாங்கித் தன் வழங்கியிலிருந்து மறுபடி அனுப்புகிறது. எஸ்பிஎஃப் பொருத்தம் போயிற்று. தலைப்பில் குழுவின் பெயரைச் சதுர அடைப்புக்குள் சேர்க்கிறது, அடியில் விலகுவதற்கான சுட்டியை ஒட்டுகிறது. கையொப்பமும் உடைந்தது. இரண்டு சான்றும் போனதால் பெறுபவர் பக்க வழங்கி அந்த மடலை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இதுவரை ஒருவருடைய மடல் போய்ச் சேரவில்லை என்ற அளவில்தான் இருக்கிறது. விபரீதம் அடுத்த படியில். திரும்பி வந்த மடலை மடற்குழு மென்பொருள் எப்படிப் புரிந்துகொள்ளும்? "இந்த உறுப்பினரின் முகவரி வேலை செய்யவில்லை" என்று. மெயில்மேனில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் திரும்பல் மதிப்பெண் உண்டு. கடுமையான திரும்பலுக்கு ஒரு புள்ளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒன்று. இயல்பு அமைப்பில் ஐந்தைத் தொட்டால் அவருக்கு மடல் அனுப்புவது நின்றுவிடும். ஒரு யாகூ முகவரிக்காரர் ஐந்து நாள் தொடர்ந்து உற்சாகமாக எழுதினால் போதும், அவர் எந்தத் தவறும் செய்யாமலே, டிமார்க்கை மதிக்கிற ஜிமெயில், ஹாட்மெயில் போன்ற இடங்களில் முகவரி வைத்திருந்த உறுப்பினர்கள் கூண்டோடு முடக்கப்பட்டார்கள். எழுதியவர் ஒருவர், தண்டனை மற்றவர்களுக்கு. நிர்வாகிக்கோ, நூற்றுக்கணக்கானோர் முகவரி ஒரே நாளில் ஏன் பழுதானது என்று புரியாத குழப்பம்.

தீர்வுகள் வந்தன, ஒன்றும் முழுமையில்லை. முதல் வழி, மடலைத் தொடாமல் விடுவது: தலைப்பில் குழுப்பெயர் வேண்டாம், அடிக்குறிப்பு வேண்டாம். கையொப்பம் பிழைத்துக்கொள்ளும். லினக்ஸ் கெர்னலை உருவாக்குவோரின் குழுக்கள் நடப்பது இப்படித்தான். எனக்கு இதுவே சரியான வழி, ஏனென்றால் லிஸ்ட்-ஐடி என்ற தலைப்பகுதி வரியை வைத்தே யாரும் வடிகட்டலாம், சதுர அடைப்பு வெறும் அலங்காரம். இரண்டாவது, மெயில்மேன் 2.1.18 பதிப்பில் வந்த அமைப்பு: டிமார்க் கொள்கை கடுமையாக இருக்கும் முகவரிகளுக்கு மட்டும் அனுப்புநர் வரியை மாற்றி "இன்னார், குழு வழியாக" என்று குழுவின் முகவரியைப் போடுவது. பெரும்பாலான குழுக்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டன. இதன் பக்கவிளைவு கவனிக்க வேண்டியது. மின்னஞ்சல் நிரல் இன்னாரின் பெயருக்கு எதிரே குழுவின் முகவரியை முகவரிப் புத்தகத்தில் தானாகச் சேமித்துக்கொள்ளும். ஒரு நாள் அவருக்குத் தனிமடல் என்று நினைத்து எழுதுவது மொத்தக் குழுவுக்கும் போய்விடும். மூன்றாவது, அசல் மடலை ஒரு உறைக்குள் இணைப்பாக வைத்து அனுப்புவது. பல கைப்பேசி நிரல்களில் திறந்து படிப்பதற்குள் பொறுமை போய்விடும். 2019-ல் ஆர்க் என்ற தரம் சோதனை நிலையில் வெளியானது. இடையில் கைமாற்றும் வழங்கி "எனக்கு வந்தபோது கையொப்பம் சரியாக இருந்தது" என்று சாட்சி சொல்லும் ஏற்பாடு. பெறுபவர் அந்தச் சாட்சியை நம்பினால்தான் பயன்.

2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாகூவும் இன்னொரு சுற்று இறுக்கின. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரே களத்திலிருந்து நாளொன்றுக்கு 5,000 மடல் அளவில் அனுப்பினால் மொத்தமாக மடல் அனுப்புவோர் பட்டியலில் சேர்ந்துவிடுவீர்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும், சந்தா மடல்களுக்கு ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், எரிதப் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது. 5,000 என்பது பெரிய நிறுவனங்களுக்கான எண் என்று தோன்றும். 500 பேர் கொண்ட குழுவில் நாளைக்கு 20 மடல் வந்தால் மொத்தம் 10,000. அதில் 300 பேர் ஜிமெயில்காரர்கள் என்றால் அங்கே மட்டும் 6,000. அனுப்புநர் வரியைக் குழுவின் பெயருக்கு மாற்றும் ஏற்பாடு இருந்தால் அந்தக் கணக்கு குழுவின் களத்தின் தலையில் சேரும். விலகுவதற்குச் சோம்பல்பட்டு "எரிதம்" பொத்தானை அழுத்தும் நாலைந்து உறுப்பினர்கள் மொத்தக் குழுவின் பெயரையும் கெடுத்துவிட முடியும். ஆகவே சொந்த வழங்கியில் மடற்குழு நடத்துவது இன்று மென்பொருள் நிறுவுகிற வேலை மட்டுமல்ல, அனுப்பும் களத்தின் நற்பெயரைத் தினமும் காவல் காக்கிற வேலையும்கூட.

மன்றம் தருவதும் எடுப்பதும்

மன்றத்தின் உண்மையான பலம், நடந்தபிறகு சரிசெய்ய முடிவது. இழை தடம்புரண்டால் மட்டுறுத்துநர் அந்தப் பத்துப் பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் புது இழையாகப் பிரிக்கலாம். பழைய பதிலில் கட்டளை தவறாக இருந்தால் திருத்தலாம். உதவிக் கேள்விகள் அதிகம் வரும் சமூகத்துக்கு இது ஒன்றே போதும் மன்றத்தைத் தேர்ந்தெடுக்க, ஏனென்றால் அங்கே பதிலைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் கேட்டவர் அல்ல, பின்னால் தேடி வருபவர்கள். டிஸ்கோர்ஸ் போன்ற மன்ற மென்பொருளில் நம்பிக்கை நிலைகள் தானாக வேலை செய்கின்றன. புதியவர் ஒரு பதிவில் இரண்டு சுட்டிக்கு மேல் போட முடியாது. ஐந்து இழைகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடம் செலவிட்டபின் அடுத்த நிலைக்கு ஏறுவார். மடற்குழுவில் ஒரு மனிதர் கையால் செய்த காவலை இங்கே பெருமளவு மென்பொருள் செய்துவிடுகிறது.

"மன்றத்திலும் மின்னஞ்சல் வசதி இருக்கிறதே, இரண்டும் கிடைத்துவிடும்" என்று சமாதானம் சொல்பவர்களிடம்தான் எனக்கு வழக்கு. இருக்கிறது, ஆனால் மடற்குழு மாதிரி இல்லை. இயல்பான அறிவிப்பு மடல்கள், எழுதியவர் உடனே திருத்துவதற்கு இடம்விட்டு, சில நிமிடம் தாமதித்தே கிளம்பும். அதற்குப் பின் செய்த திருத்தம் மடலில் வராது. மின்னஞ்சலில் படிப்பவரும் தளத்தில் படிப்பவரும் வெவ்வேறு வாசகங்களை வைத்துக்கொண்டு வாதாடுவது இதனால்தான். மடலிலேயே பதில் எழுதினால், மேற்கோளை வெட்டும் நிரல் உங்கள் பதிலின் ஒரு பகுதியையும் மேற்கோள் என்று நினைத்து மடித்து மறைத்துவிடக்கூடும். மேற்கோளுக்கு இடையிடையே வரிக்கு வரி பதில் எழுதும் பழைய மடற்குழுக்காரர்கள் இதில்தான் முதலில் அடிபடுவார்கள். அவர்களிடம் "முழுப் பதிலையும் மேலே எழுதுங்கள், கீழே எதையும் விடாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. மரமாகக் கிளைத்த உரையாடல் டிஸ்கோர்ஸில் ஒற்றை வரிசையாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்று துணை விவாதம் ஒரே நேரத்தில் ஓடும் இழை அதில் படிக்கச் சகிக்காது.

யார் மாறினார்கள், யார் மாறவில்லை என்று பார்த்தாலும் ஒரு ஒழுங்கு தெரிகிறது. எல்எல்விஎம் என்ற நிரல்மாற்றித் திட்டம் 2022 தொடக்கத்தில் மாறியது, பைதான் உருவாக்குநர்களின் விவாதமும் அதே ஆண்டு மன்றத்துக்குப் போனது. லினக்ஸ் கெர்னலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத் திட்டமும் மடலிலேயே இருக்கின்றன. முதல் இரண்டிலும் நிரல் மாற்றங்களைப் பரிசீலிக்கும் வேலை அதற்கு முன்பே வேறு தளங்களுக்குப் போய்விட்டது, மடற்குழுவில் மிஞ்சியது பேச்சு மட்டும். பின்னிரண்டில் மாற்றமே மடலாகத்தான் வருகிறது, பரிசீலனை அதற்குப் பதிலாகத்தான் எழுதப்படுகிறது. வேலை மடலில் நடக்கும் இடத்தில் பேச்சை மட்டும் பிடுங்கி மன்றத்தில் நட முடியாது.

மாறுவதென்றால்

பழைய மடல்களை மன்றத்தில் ஏற்றுவதுதான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிற வேலை. மடல்களை வரிசையாகச் சேர்த்துவைக்கும் எம்பாக்ஸ் கோப்பை அப்படியே ஏற்றும் கருவி டிஸ்கோர்ஸில் இருக்கிறது. ஏற்றுமுன் செய்ய வேண்டியவை கொஞ்சம். ஒரே ஆள் பத்து ஆண்டில் நாலு முகவரியிலிருந்து எழுதியிருப்பார், அப்படியே ஏற்றினால் நாலு கணக்காகும். முகவரிகளை ஒன்றாக்கும் பட்டியலை முதலில் தயாரித்துவிடுங்கள், பிறகு இணைப்பது பெரும்பாடு. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய மடல்களில் எந்த எழுத்துக் குறியாக்கம் என்று சொல்லும் வரி இருக்காது அல்லது பொய் சொல்லும், அவற்றைத் தனியே பிரித்துச் சோதிக்க வேண்டும். மேற்கோள்களுக்கு மேலே "இன்னார் எழுதியது" என்ற வரியில் முழு மின்னஞ்சல் முகவரியும் கிடக்கும். தலைப்பகுதியை மறைத்துவிட்டோம் என்று திருப்திப்பட்டால் உடலில் உள்ளவை அத்தனையும் தேடுபொறிக்குப் போகும். முதலில் தனிச் சோதனைத் தளத்தில் ஒரு வருட மடல்களை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடுங்கள்.

பழைய மடற்காப்பகத்தின் பக்கங்களை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள். அவை நிலையான கோப்புகள், வைத்திருக்கச் செலவே இல்லை, எத்தனையோ இடங்களிலிருந்து அவற்றுக்குச் சுட்டிகள் வந்துகொண்டிருக்கும். அதில் ஒரு பொறி உண்டு: மெயில்மேன் 2-ன் காப்பகத்தில் பக்கங்களின் எண் வரிசைப்படி தரப்படுகிறது. யாரோ கேட்டார் என்று ஒரு மடலை எம்பாக்ஸிலிருந்து நீக்கிவிட்டுக் காப்பகத்தை மறுபடி உருவாக்கினால், அதற்குப் பின் வரும் அத்தனை எண்ணும் ஒன்று குறைந்து, எல்லாச் சுட்டிகளும் பக்கத்து மடலைக் காட்டும். மடலை அதன் இடத்திலேயே வைத்து, உடலை மட்டும் எடுத்துவிட்டு "நீக்கப்பட்டது" என்று எழுதுவதே சரி.

பிரதி விஷயத்துக்கு வருகிறேன். யாகூ குழுமங்கள் என்ற மடற்குழுச் சேவை 2019 அக்டோபரில் உள்ளடக்கத்தை அழிக்கப்போவதாக அறிவித்தது, 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. கோப்புகளும் படங்களும் தளத்தில் மட்டும் இருந்தன, பதிவிறக்காதவர்களுக்கு அவை போயின. மடல்கள் மட்டும் எத்தனையோ பேர் பெட்டியில் இன்றும் கிடக்கின்றன. இதற்கு நேர்மாறான கதை கெர்னல் குழுக்களுடையது. 2018-ல் அவற்றின் மடல்களுக்கான லோர் காப்பகம் தொடங்கியபோது, உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் சேர்த்துவைத்திருந்த பழைய மடல்களைக் கேட்டு வாங்கி, இருபது ஆண்டு உரையாடலை ஒட்டுப்போட்டு எடுத்தார்கள். மெசேஜ்-ஐடி இருந்ததால் ஒரே மடலின் பல பிரதிகளைக் கண்டுபிடித்து ஒன்றாக்க முடிந்தது. மன்றத்தின் வழங்கி போனால் இப்படிப் பொறுக்கியெடுக்க எதுவும் மிஞ்சாது.

அதனால் மன்றம்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு இரண்டு வேலை. டிஸ்கோர்ஸின் காப்புநகல் இயல்பாக அதே வழங்கியில்தான் விழும்; அதை வேறொரு இடத்துக்கு, வேறொருவர் பொறுப்பில், தானாக நகர்த்த ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டாவது, யாருடைய சொந்தக் கணக்கும் இல்லாத ஒரு மின்னஞ்சல் முகவரியை உறுப்பினராகச் சேர்த்து, அதற்கு மட்டும் டிஸ்கோர்ஸின் மடற்குழு முறையை இயக்கிவைப்பது. ஒவ்வொரு பதிவும் மடலாக அங்கே சேர்ந்துகொண்டே போகும். திருத்தங்கள் வராது, அந்தக் கணக்குக்கு அனுமதியில்லாத பிரிவுகள் வராது. ஆனாலும் பேசியது என்ன என்பதற்கு ஒரு தனிப் பிரதி இருக்கும். அந்தப் பெட்டி நிரம்பிவிட்டால் மடல்கள் திரும்பும், சில முறை திரும்பியதும் டிஸ்கோர்ஸ் அந்த முகவரிக்கு அனுப்புவதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். மாதம் ஒருமுறை யாராவது அதைத் திறந்து, கடைசியாக வந்த மடலின் தேதியைப் பார்க்க வேண்டும்.